கைப்பிடிக் கொழுந்து

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும்போதே கருப்பட்டி கசியத் தொடங்கிவிட்டது. எங்கள் சபைப் பெண்கள் பனையோலைப் பெட்டியில் அடுக்கி, வாய் தைத்துக் கொடுத்தது. திருநெல்வேலித் தேரிக்காட்டில் கல்லாக இருந்த பண்டம், மலைக்காற்றின் ஈரம் பட்டதும் இளகி என் வேட்டியில் பழுப்பாக வழிந்தது. அதை நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது மாசிலாமணியிடம். மாசிலாமணி என் மனைவியின் அண்ணன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உபதேசியார். அதாவது, குருவானவர் மாதம் ஒருமுறை வந்துபோகிற சின்னச் சபையை மற்ற நாளெல்லாம் கவனித்துக்கொள்கிறவர்.

இது ஐம்பதுகளின் நடுவில், ஒரு மே மாத விடுமுறையில் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஊர் உயர்நிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியன். சபைச் செயலாளரும் நான்தான். கருப்பட்டியும் பழைய கம்பளி உடுப்புகளும் கொண்டுபோவது சபை கொடுத்த வேலை. நான் போனது வேறொன்றுக்காக. வேதாகமக் கல்லூரியில் மாசிலாமணியும் நானும் ஒரே வகுப்பு. தேர்வுகளில் நான் முதலாவது. அவர் கடைசிக்கு மேலே ஒன்று. இலங்கை மலைநாட்டுக்குப் போக யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது இருவருமே கை தூக்கினோம். பின்னாலிருந்து யாரோ குளிரைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும் சொன்னார்கள். நான் கையை இறக்கிக்கொண்டேன். அவர் இறக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகளாக, "எங்க அண்ணன் அங்க..." என்று என் மனைவி தொடங்காத சாப்பாட்டு வேளை எங்கள் வீட்டில் கிடையாது. அங்கே அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் கடல் கடந்தேன். அந்த நாட்களில் மனத்துக்குள் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்றே வருகிறது.

அக்கரப்பத்தனை பஸ் நாலைந்து வளைவு ஏறியதும் பெருமூச்சு விட்டு நின்றது. முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பியது. எல்லாரும் பழக்கப்பட்டவர்கள்போல இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தோட்டத்து அம்மாள் எனக்குச் சொன்னாள்: "இஞ்சினுக்குத் தண்ணி தீந்துபோச்சாம். ஒங்க கூஜாவ ஓடைக்குக் கொண்டுபோகலாமான்னு கேக்குறாருங்க."

என் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த வெண்கலக் கூஜா. வேறு வழியில்லாமல் கொடுத்தேன்.

"எங்கங்க போறீங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"மாசிலாமணி உபதேசியார் வீட்டுக்கு."

சுற்றி நின்றவர்களின் முகம் மாறிப்போனது. ஒருவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தம் தோளில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாள், தண்ணீர் ஊற்றி முடித்துவந்த டிரைவரிடம் சிங்களத்தில் சொல்ல, அவர் கூஜாவின் வெளிப்புறத்தைத் தம் சாரத்தாலேயே துடைத்து என்னிடம் நீட்டி, நீளமாக ஏதோ பேசினார்.

"போன மழைக்கு மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுபோச்சுங்க. உள்ள ஒரு புள்ளத்தாச்சி. ஒங்க உபதேசியாரு நாற்காலியில உக்காரவச்சு மூணு கட்ட, அதான் மூணு மைலு, தூக்கிட்டுப் போனாராம். பின்னால புடிச்சது இவருதானாம். அதச் சொல்றாரு."

நான் சிரித்து வைத்தேன். கடல் கடந்து வந்து, பாஷை தெரியாத டிரைவர் வாயிலும் இதே கதை.

"ஒங்க பேரு என்னங்க ஐயா?"

"ராஜதுரை."

பெண்கள் எல்லாரும் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "இருக்கிற தொரையே எங்களுக்குப் போதும். உபதேசியாரு இன்னொரு தொரையக் கூட்டியாராரே."

தோட்டத்துக்குப் பிரியும் பாதையில், தலையில் சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு மாசிலாமணி நின்றார். மெலிந்திருந்தார். "வாங்க, வாங்க" என்று அந்த ஊர்க்காரர் போலத் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாரும் மாப்பிளை, நல்லாருக்கீரா?" என்று நம்மூர்ப் பேச்சுக்குத் திரும்பினார். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் அவரை நிறுத்தினார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை வாசித்துச் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு மகன் எங்கே வேலை செய்கிறான் என்று விசாரிக்க வேண்டும். ஒரு கிழவர் வெறுமனே அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் போனார். எங்கள் ஊரில் எனக்கு எல்லாரும் வணக்கம் சொல்வார்கள். கையை யாரும் பிடித்ததில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசியில் இரண்டு காம்பராக்கள்தான் அவர் வீடு. மனைவி சாராள் கனத்த ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு வைத்தாள். அதன்பின் பால் விடாத தேநீர். இங்கே சாயத்தண்ணி என்கிறார்கள். என் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்தோம். நம்மூர்க் கருப்பட்டிக் காப்பியை விட நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வயது மகள் ரூத் என் மடியில் ஏறி உட்கார்ந்து, என் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள்.

சாராள்தான் விஷயத்தைச் சொன்னாள். "அண்ணாச்சி, இந்த மாசத்தோட எங்க பர்மிட் முடியுது. இந்தியாக்காரங்க இங்க தங்கணும்னா வருசா வருசம் எழுதி வாங்கணும். அதுக்குத் தோட்டத்துப் பெரியதுரை கடிதம் தரணும். கடிதம் இல்லாட்டி மூட்டையக் கட்டிர வேண்டியதுதான்."

"தருவாரு. எட்டு வருசமா தந்துட்டுத்தானே இருக்காங்க" என்றார் மாசிலாமணி.

"இது புதுத் துரைல்லா" என்றாள் சாராள்.

மறுநாள் ஞாயிறு. கோயில் என்பது பழைய உரக்கொட்டில். தகரக் கூரைமேல் மழை விழுந்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடுவார்கள். மாசிலாமணியின் பிரசங்கத்தை நான் ஆசிரியனின் காதால் கேட்டேன். எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் இல்லை. ஒரு தீர்க்கதரிசியின் பெயரை இன்னொருவருக்கு வைத்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஆராதனை முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு விறகு இல்லை, யார் போய்ப் பார்ப்பது என்று அங்கேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். உண்மையான ஆராதனை அப்போதுதான் தொடங்கியது போல இருந்தது.

மாலையில் என்னைப் பேசச் சொன்னார்கள். 'ஊழியம்' என்ற சொல்லின் வேரிலிருந்து தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முடிந்ததும் எஸ்தர் என்ற நடுவயதுப் பெண், கொழுந்து பறிக்கிறவர்களில் மூத்தவள், என்னிடம் வந்து மரியாதையாகக் கைகூப்பினாள். "ஐயா ரொம்ப அழகா பேசுனீங்க. ஒண்ணும் வெளங்கலங்க" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

திங்கட்கிழமை எஸ்தர் கூட்டத்தாரோடு தேயிலை மலையைப் பார்க்கப் போனேன். காலுக்குச் சோப்புத் தடவிக்கொண்டு போகச் சொன்னார்கள். அப்படியும் ஆறு அட்டைகள். நம்மூரில் ஒரு மரத்தைப் பார்க்க அரை மைல் நடக்க வேண்டும். இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே பச்சை, சீப்பால் வாரியதைப் போல. அந்தப் பச்சைக்குள் பெண்களின் தலைகள் மட்டும் நகர்ந்தன.

மதியம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூடைகளோடு இறங்கினார்கள். வழியில் ஒரு பாறை. அங்கே எல்லாரும் ஒரு நிமிஷம் நின்றார்கள். காளியம்மாள் என்ற ஒருத்தி தன் கூடையை இறக்கி வைத்தாள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். சபையைச் சேர்ந்தவள் அல்ல. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், நெடுங்காய்ச்சலில் கிடந்து எழுந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவள் கூடையில் பாதிகூட நிரம்பவில்லை. ஒவ்வொருத்தியும் கடந்து போகும்போது தன் கூடையிலிருந்து ஒரு கைப்பிடிக் கொழுந்தை அள்ளி அதில் போட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. காளியம்மாளும் நன்றி சொல்லவில்லை. கூடையைத் தாங்கும் நெற்றிப்பட்டையைச் சரிசெய்துகொண்டு கூடையைத் தூக்கினாள். சற்றுத் தள்ளி நின்ற கணக்கப்பிள்ளை அந்த நேரம் பார்த்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் திரும்பிக்கொண்டார்.

"என்ன இது?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"ராத்தல் கொறஞ்சா அரைப் பேருதாங்க போடுவாங்க. அரைநாள் சம்பளம். அரைப் பேரு கூடிப்போனா பேரையே வெட்டிருவாங்க. பேரு போனா காம்பராவும் போச்சு. அதான் முடியாதவங்களுக்கு ஆளுக்கொரு கை போடுறது."

"யார் கண்டுபிடித்த வழக்கம்?"

"உபதேசியாருதான். ஒங்க ஊருல பொம்பளைங்க ஒல வைக்கிறப்ப ஒரு கைப்பிடி அரிசி கோயிலுக்கு எடுத்து வப்பாங்களாமே. எங்ககிட்ட ஏதுங்க அரிசி? கொழுந்துதான் இருக்கு. இது கோயிலுக்கு இல்லைங்க. யாருக்கு முடியலயோ அவங்களுக்கு."

கைப்பிடி அரிசி. எங்கள் சபையில் அதற்குப் பொறுப்பாளன் நான்தான். எந்தத் தெரு அதிகம் தந்தது என்று பலகையில் எழுதி, கோயில் வாசலில் தொங்கவிட்டு, தெருக்களுக்குள் போட்டியை மூட்டியவன். அந்த அரிசிப் பானையை எட்டு ஆண்டு சுமந்த எனக்குத் தோன்றாத ஒன்று, தேர்வில் கடைசிக்கு மேலே ஒன்று வந்தவருக்குத் தோன்றியிருக்கிறது. மாசிலாமணி அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தால், தன்னைக் காட்டிக்கொள்கிறார் என்று நினைத்து ஆறுதல் அடைந்திருப்பேன். அந்த ஆறுதலும் எனக்குக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பர்மிட் காரியமாக மாசிலாமணி நுவரெலியா போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். பஸ் தவறிவிட்டதால் கோவா ஏற்றிய லாரியில், முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனோம். இங்கே முட்டைக்கோஸைக் கோவா என்கிறார்கள். நுவரெலியா ஒரு பாதி நம்மூர்ச் சந்தை. மறுபாதி வெள்ளைக்காரர் ஊர்ப் படம் போட்ட காலண்டர். மார்க்கெட்டில் கேரட்டும் லீக்ஸும் மண்ணோடு மலைபோலக் கிடந்தன. நம்மூர் வெயிலில் ஒரு வாரம் வாடினாலும் அந்த நிறம் போகாது என்று தோன்றியது.

கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுத்தர் விண்ணப்பப் பாரத்தைப் பார்த்துவிட்டு, துரையின் கடிதம் வந்தால் மட்டும் வா என்று திருப்பி அனுப்பினார். தேநீர்க் கடையில் மாசிலாமணி என்னெதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்பிளை, ஒரு உபகாரம். நாளைக்குத் துரை நம்ம ரெண்டு பேரையும் பங்களாவுக்கு வரச் சொல்லிருக்காரு. என் இங்கிலீஷ் உமக்குத் தெரியும். நீர் எனக்காக ரெண்டு வார்த்தை பேசும்."

"பேசுறேன் மச்சான்."

"எனக்காகன்னு இல்ல. இங்க இன்னும் கொஞ்ச வேலை கெடக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவரை வெறுத்தேன். தனக்காகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

புதன்கிழமை பங்களாவுக்குப் போனோம். ரோஜாச் செடிகள், இரண்டு நாய்கள், மழையிலும் வெட்டிச் சீராக இருந்த புல். துரை ஸ்காட்லாந்துக்காரர், இளவயது, கடுமையான ஆள் இல்லை. நான் பேசிய ஆங்கிலம் அவருக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தது. எங்கள் ஊர், கடல், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்தார். மாசிலாமணி தம்முடைய ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

துரை கேட்டார்: "உங்கள் மைத்துனர் நல்லவர் என்கிறார்கள். சத்தம் போடாதவர். இவர் இங்கே உண்மையில் என்னதான் செய்கிறார்?"

சொல்ல எத்தனையோ இருந்தது. நாற்காலியில் தூக்கிப்போன கர்ப்பிணி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இருந்தது. நான் இப்படிச் சொன்னேன்: "எங்கள் ஊரில் பெண்கள் கோயிலுக்காக ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். இவர் அந்த வழக்கத்தை இங்கே தேயிலைக் கொழுந்தில் கொண்டுவந்திருக்கிறார். கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போகிற வழியில் ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுக்கிறார்கள்."

துரை கோப்பையைக் கீழே வைத்தார். "என் கொழுந்திலா? கோயிலுக்கா?"

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அது உடம்பு முடியாத ஒருத்தியின் கூடைக்குத்தான் போகிறது, மடுவத்துக்குத்தான் வந்து சேர்கிறது என்று சொல்ல ஆங்கிலத்தில் பத்துச் சொற்கள் போதும். அவற்றை ஆண்டுக்கு நூறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவன் நான். "அது எங்கள் சபையின் வழக்கம்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு மாசிலாமணியைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் துரைக்குக் கோபம் வந்திருக்கும், சம்பளக் கணக்கில் ஏமாற்று என்று நினைத்திருப்பார் என்று வெகுகாலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பேச்சை நான் எடுத்திருக்கவே வேண்டாம். அதற்குத் தேறுதல் எதுவும் இல்லை.

திரும்பி இறங்கும்போது மாசிலாமணி உற்சாகமாக இருந்தார். "ரைஸ், ரைஸுன்னு காதுல விழுந்துச்சு. நம்மூர் கைப்பிடி அரிசியத்தானே சொன்னீரு?"

"ஆமா."

"நல்லாப் பேசுனீரு மாப்பிளை. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா துரை கோப்பையக் கீழ வச்சிட்டு உன்னிப்பாக் கேட்டாரு பாத்தீரா?"

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. நான் மலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். பாறையருகே இரண்டு காவல்காரர்கள் நின்றார்கள். அன்றிலிருந்து யாரும் வழியில் நிற்கக் கூடாது, ஒரு கூடைக் கொழுந்து மறு கூடைக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. பெண்கள் தலை குனிந்து வரிசையாக இறங்கினார்கள். மடுவத்தில் காளியம்மாளின் கூடை தராசில் ஏறியது; கணக்கப்பிள்ளை அவள் முகத்தைப் பார்க்காமலே "அரைப் பேரு" என்றார்.

எஸ்தர் அவர் முன்னால் போய் நின்றாள். "தொரைகிட்ட ஊதிட்டீங்கள்ல கணக்கப்புள்ள?"

"நானா? எத்தன மாசமா பாத்தும் பாக்காம இருக்கேன். எம் புள்ள மேல சத்தியம். நான் சொல்லல."

"வேற யாரு சொல்லுவா? தொரைக்குக் கனவுல தெரிஞ்சுச்சாக்கும்."

 கணக்கப்பிள்ளை பழியைச் சுமக்க, நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காளியம்மாள் கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "விடுக்கா. அவரு மூஞ்சியப் பாத்தா சொன்ன மாதிரி தெரியல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா தொரகிட்ட இங்கிலீசுல பேசுவீங்களாமே. உபதேசியாரு சொன்னாரு. எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. ரெண்டு மாசத்துல நான் தேறிருவேன்."

"பார்க்கலாம்" என்றேன்.

அன்றும் மறுநாளும் எனக்கு வாய்ப்பு இருந்தது. பங்களா நடந்து போகிற தூரம்தான். வெள்ளிக்கிழமை பாதி வழி ஏறினேன். வெள்ளைக்காரனிடம் போய், நான் நேற்று முன்தினம் சொன்னது தவறு என்று எப்படிச் சொல்வது? என் ஆங்கிலத்தைப் பாராட்டியவரிடம்? ஒரு வளைவில் நின்று, வந்த வழியே இறங்கிவிட்டேன். வீட்டில் சாராளிடம் உலாவப் போனதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை நான் புறப்படும் நாள். படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்துத் தபால்காரன் பங்களாவிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்தான். மாசிலாமணி அதைப் பிரித்து, ஒருமுறை பார்த்து, என்னிடம் நீட்டினார். "வாசிச்சுச் சொல்லும் மாப்பிளை."

தட்டச்சில் மூன்று வாக்கியம். இந்த ஆண்டு பர்மிட்டுக்குக் கடிதம் தர இயலாது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்றாவது வாக்கியம், கோயிலுக்கென்று என் மலைகளிலிருந்து கொழுந்து எடுக்கப்படுவதை உம்முடைய மைத்துனரே என்னிடம் சொன்னார் என்பது.

முதல் இரண்டையும் தமிழில் சொன்னேன்.

மாசிலாமணி தாளை எட்டிப் பார்த்தார். "காரணம் ஒண்ணும் போடலியா?"

"இல்ல மச்சான்."

சாராள் ஆங்கிலம் படித்தவளல்ல. ஆனால் என் தோளுக்குப் பின்னாலிருந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, இதுல நெறைய எழுதிருக்கே. நீங்க கொஞ்சம்தானே சொன்னீங்க."

"இங்கிலீஷ்ல சுத்தி வளைச்சுத்தான் எழுதுவாங்க" என்றேன்.

மாசிலாமணி தாளை வாங்கி, நாலாய் மடித்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். "காளியம்மாளுக்கு என்ன வழின்னு எஸ்தர்ட்ட சொல்லிட்டுப் போகணும்" என்றார். தாளை மடித்து வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிறகு என் படுக்கையைத் தம் தலையில் வைத்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். எவ்வளவு சொல்லியும் என்னிடம் கொடுக்கவில்லை. பஸ் அன்று எங்கும் நிற்காமல் ஓடியது. எங்காவது மண் சரிந்து வழி அடைபடாதா என்று நினைத்துக்கொண்டே போனேன். அடைபட்டால் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று. அடைபடாதென்று தெரிந்துதான் அப்படி நினைத்தேன்.

அடுத்த மாதமே மாசிலாமணி குடும்பத்தோடு ஊர் வந்து சேர்ந்தார். எங்கள் பள்ளியின் கீழ்வகுப்பில் அவருக்கு நான்தான் வேலை ஏற்பாடு செய்தேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அவர் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் என் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்தார். என் மனைவி கிடையில் விழுந்தபோது அவரும் சாராளும்தான் முறைவைத்துப் பார்த்தார்கள். மலைநாட்டைப் பற்றி யாராவது கேட்டால், துரையிடம் மாப்பிள்ளை எனக்காகப் பேசினார், நடக்கவில்லை என்று சொல்வார். என் முன்னாலேயே சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்த்துக்கொள்வேன். எஸ்தரிடமிருந்து அவருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவதில், காளியம்மாளின் பேரை வெட்டிவிட்டார்கள், பிள்ளைகளோடு கினிகத்தேனைப் பக்கம் போனதாகக் கேள்வி என்று இருந்தது. அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சென்ற ஆண்டு மாசிலாமணி இறந்தார். சபை மாத இதழில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி என்னைக் கேட்டார்கள். தேதிகள் பார்ப்பதற்காக அவருடைய காகிதங்களை வாங்கப் போனேன். ரூத்துக்கு இப்போது நரைத்துவிட்டது. பழைய வேதப்புத்தகத்தை அப்படியே என்னிடம் கொடுத்து, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

நாலாய் மடித்த அந்தத் தாள் உள்ளே இருந்தது. ஒவ்வொரு ஆங்கில வரியின் கீழும் பென்சிலால் தமிழ் எழுதியிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது, எட்டாம் வகுப்பில் நான் திருத்திய கையெழுத்து, ரூத்துடையது. மூன்றாவது வாக்கியத்தையும் விடாமல் எழுதியிருந்தாள். மைத்துனர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அகராதியில் துண்டு துண்டாகத் தேடியிருக்கிறாள். 'உம்முடைய சொந்தச் சட்டச் சகோதரரே என்னிடம் சொன்னார்' என்று இருந்தது.

'சட்டச் சகோதரரே' என்பதை மட்டும் மையால் அடித்து, மேலே கோணலான பெரிய எழுத்தில் ஒருவர் திருத்தியிருந்தார். 'மாப்பிளையே' என்று.

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"அந்த ஒரு வார்த்தையத் திருத்துனாங்க மாமா" என்றாள் ரூத். "அப்புறம், இத உன் வாத்தியார்ட்ட காட்டிராதேன்னாங்க."